17 வயசு, நாலரை மாசம், இன்னும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகலை. என்ன செய்யறது?

திருப்பூர்க்காரி எழுதியது:

வணக்கங்க. பேர் போடாம எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்கறேன். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். எங்க அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிச்சுட்டு இருந்தா. போன வருஷம் படிப்பை நிறுத்தி, குலதெய்வக் கோயில்ல வெச்சு என் தம்பிக்கே கட்டி வெச்சுட்டாங்க. தாய்மாமன் உரிமை, சொத்து வெளிய போகக் கூடாது, இப்படி ஏதேதோ சொன்னாங்க. எனக்குத் தகவலே கல்யாணத்துக்கு மொத நாள்தான் வந்துச்சு. சண்டை போட்டேன், நிக்கலை.

இப்ப அவளுக்கு 17 வயசு ரெண்டு மாசம். நாலரை மாசம் முழுகாம இருக்கா. ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்குப் போகலை. போனா வயசு கேப்பாங்க, கேஸ் ஆயிடும்னு பயம். ஒம்பதாம் மாசம் ஓசூர் பக்கம் ஏதாவது தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், வயசு இருபதுன்னு சொல்லிக்கலாம்னு வீட்டுல பேசி வெச்சிருக்காங்க.

நேத்து ராத்திரி அவளே எனக்கு போன் பண்ணினா. “சித்தி, தண்ணிக் குடம் தூக்கினா நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணு இருட்டுது”ங்கறா. மசக்கை விட்டுப் போச்சாம், ஆனா சோறு இறங்கலையாம். பச்சரிசியை மட்டும் வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்காளாம்.

எங்க அம்மாகிட்ட சொன்னா, “நான் பதினாறுல பெத்தேன், எனக்கு என்ன கெட்டுப்போச்சு”ன்னு ஒரே பேச்சு.

நெசமாவே இந்த வயசுல ஆபத்து இருக்குங்களா, இல்லை நான்தான் பயந்துக்கறேனா? ஆஸ்பத்திரிக்குப் போனா தம்பியை உள்ள தள்ளிடுவாங்களா? அவனும் என் கூடப் பொறந்தவன்தானே. யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராத்திரி தூக்கமே இல்லை.

சேலத்துப் பையன் எழுதியது:

பயப்படாதீங்க அக்கா. எங்க பாட்டி பதினஞ்சு வயசுல பெத்தாங்க, எண்பத்தி ரெண்டு வரைக்கும் இருந்தாங்க. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் குடுக்கச் சொல்லுங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தங்கச்சி, நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. பாத்த ஊரெல்லாம் மலையடிவாரத்து ஊருங்கதான். உங்க வீட்டுப் பேச்சு எனக்குப் புதுசு இல்லை.

அந்தப் பொண்ணு நாளைக்கே டாக்டரைப் பாக்கணும். ஒம்பதாம் மாசம்ங்கற பேச்சை விடுங்க.

சேலத்துத் தம்பி நல்ல மனசோட சொல்றார். ஆனா எண்பத்தி ரெண்டு வரைக்கும் இருந்த பாட்டி நம்ம கண்ணுக்குத் தெரியறாங்க. பதினஞ்சுல பெத்து அந்தப் பிரசவத்துலயே போனவளுக்குப் பேரன் ஏது, அவளைப் பத்திச் சொல்ல? உங்க அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. சண்டைக்கு வேண்டாம், பக்கத்துல உக்காந்து கேளுங்க. எத்தனை பெத்தீங்க, எத்தனை தங்குச்சுன்னு. நான் முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போனா மாமியார்கிட்ட இதைத்தான் கேப்பேன். பாதி வீட்டுல பேச்சு அங்கயே நின்னுடும்.

பச்சரிசி மெல்லறாங்கற அந்த வரியைப் படிச்சதும் அவ கீழ் இமையை இழுத்துப் பாக்கணும்னு எனக்குக் கை பரபரங்குது. அரிசி, சாக்பீஸ், விபூதி, செங்கல் தூள் இதெல்லாம் திங்கறது பெரும்பாலும் ரத்தம் குறைஞ்ச உடம்புதான். குடம் தூக்கினா படபடப்பு, கண்ணு இருட்டறது எல்லாம் அதோட சேந்ததுதான். கர்ப்பிணிக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ போனா ரத்தசோகை, 7க்குக் கீழ போனா கடுமையானது. வயசுப் பொண்ணுக்கு அவ வளர்த்திக்கே இரும்புச்சத்து பத்தாது, மாசாமாசம் வேற போகுது. அது சரியாகறதுக்குள்ள வயித்துல ஒண்ணு வந்து பங்கு கேக்குது. பிரசவத்துல அரை லிட்டர் ரத்தம் போனா நல்லா இருக்கற பொம்பளை தாங்கிக்குவா. ஆறு கிராம்ல பிரசவ வார்டுக்கு வர்ற பொண்ணு அதுலயே சாஞ்சுடுவா. இதைக் கீரையை மட்டும் வெச்சு நாலு மாசத்துல சரி பண்ண முடியாது.

ரெண்டாவது பயம் பி.பி. முதல் பிரசவத்துலயும் சின்ன வயசுலயும் இது கூடுதலா வரும். அஞ்சு மாசத்துக்கு மேல 140/90 தாண்டி, சிறுநீர்ல புரதமும் வந்தா சும்மா விடக் கூடாது. முத்திப்போனா வலிப்பு. நம்ம ஊர்ல ஜன்னின்னு சொல்றது. உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, 20லேருந்து 24 வயசுக்காரங்களை விட 10லேருந்து 19 வயசு வரைக்கும் இருக்கற தாய்மாருக்கு இந்த ஜன்னியும், பிரசவத்துக்கு அப்புறம் கர்ப்பப்பைல சீழ் பிடிக்கறதும், ரத்தத்துல கிருமி பரவறதும் அதிகம்னு. குழந்தைங்களும் மாசம் ஆகறதுக்கு முன்னாடி பொறக்குது, எடை குறைஞ்சு பொறக்குது.

இப்ப ஒரு பொண்ணைப் பத்திச் சொல்லணும். 2011ல நடந்தது. அட்டைல வயசு இருபதுன்னு இருந்தது. அதை எழுதினது நான்தான். வீட்டுல சொன்னாங்க, பொண்ணும் தலையாட்டினா, எழுதிட்டேன். அவளுக்கு 16. பதினாறுன்னு எழுதியிருந்தா அட்டை மேல அதிக ஆபத்துன்னு குறிச்சிருப்பேன். வாரா வாரம் வீட்டுக்குப் போய் பி.பி. பாத்திருப்பேன். இருபதுன்னு இருந்ததால பத்தோட பதினொண்ணா விட்டுட்டேன். எட்டாம் மாசம் நடந்துட்டு இருந்தது. ராத்திரி முழுக்கத் தலைவலின்னு பத்துப் போட்டு படுக்க வெச்சிருக்காங்க. கண்ணு மசமசன்னு தெரியுதுன்னு சொல்லியிருக்கா, தூக்கக் கலக்கம்னு விட்டுட்டாங்க. விடியக்காலை வலிப்பு வந்ததும் எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. பி.பி. 170/120.

அஞ்சு நாளைக்கு முன்னாடிதான் வளைகாப்பு. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமா கண்ணாடி வளையல். கை அப்படி வீங்கியிருந்தது, ஒரு வளையல் கூட நகரலை. ட்ரிப் ஏத்த நரம்பு வேணும். வலிப்புல கையை உதறினா கண்ணாடி கிழிச்சுடும். துண்டை நனைச்சு வளையல் மேல சுத்திப் பிடிச்சு, கத்திரிக்கோல் பின்பக்கத்தால ஒவ்வொண்ணா தட்டித் தட்டி உடைச்சேன். அவ மாமியார் கதவோரம் நின்னுக்கிட்டு, “உடைக்காதீங்கம்மா, அபசகுனம்”னு அழுதாங்க. வலிப்பை நிறுத்தற மெக்னீசியம் சல்பேட் ஊசி முதல் டோஸ் போட்டு 108ல ஏத்தி அனுப்பினோம். பொண்ணு பொழச்சா, மூணு நாள் கழிச்சுதான் நினைவு வந்தது. ஆபரேஷன்ல எடுத்த குழந்தை ஒரு கிலோ நானூறு கிராம். ரெண்டாம் நாளே போயிடுச்சு. அவளுக்கு நினைவு வந்தப்ப குழந்தை இல்லை, பால் மட்டும் கட்டிக்கிட்டு நின்னது.

அதனாலதான் சொல்றேன், வயசை மாத்திச் சொல்லாதீங்க. அந்தப் பொய் கேஸ்லருந்து காப்பாத்துதோ இல்லையோ, அவளைக் கவனிக்க வேண்டிய ஆளோட கண்ணைக் கட்டிடும்.

பதினேழு வயசுங்கறது பதிமூணு, பதினாலு மாதிரி இல்லை. ரொம்பச் சின்னப் பொண்ணுங்களுக்கு இடுப்பெலும்பு இன்னும் விரியாம இருக்கும், குழந்தைத் தலை இறங்காம மணிக்கணக்கா அடைச்சுக்கும். உங்க பொண்ணு உயரத்தைப் பாத்துட்டு, கடைசி மாசத்துல டாக்டர் அதைப் பத்திச் சொல்வாங்க. இப்போதைக்கு அவளுக்கு ஆபத்து அந்த ரத்தக் குறைவுலயும், யாரும் பாக்காம விட்டதுலயும்தான் இருக்கு. ரெண்டையும் இன்னும் சரி பண்ணலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கூட்டிட்டுப் போங்க. கர்ப்பத்தைப் பதிவு பண்ணி பிக்மி எண் கொடுப்பாங்க. ரத்தம், சிறுநீர், பி.பி., எடை, சர்க்கரை, தைராய்டு பாப்பாங்க. 18லேருந்து 20 வாரத்துக்குள்ள எடுக்கற ஸ்கேனைத் தவற விடாதீங்க. தாய்மாமன் கல்யாணம்ங்கறதால அது இன்னும் முக்கியம், குழந்தையோட உடம்பு அமைப்புல பெரிய குறை இருந்தா பெரும்பாலும் அதுல தெரியும், எல்லாக் குறையும் தெரியாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடக் கூடாது, கால்சியம் மாத்திரையோடயும் சேத்துப் போடக் கூடாது. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, எலுமிச்சைத் தண்ணியோட போடட்டும். மலம் கறுப்பாப் போகும், அதைப் பாத்து பயந்து நிறுத்திடுவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. ரத்தம் ரொம்பக் குறைவா இருந்தா சலைன்ல கலந்து இரும்புச்சத்து ஊசி போடுவாங்க. பிரசவம் மட்டும் ராத்திரியிலயும் ஆபரேஷன் பண்ற, ரத்தம் இருப்பு வெச்சிருக்கற, குழந்தைக்குத் தனி வார்டு உள்ள பெரிய ஆஸ்பத்திரிலதான் நடக்கணும். அந்த மாதிரி இடத்தைத்தான் சீமாங் சென்டர்னு சொல்வோம், பக்கத்துல எதுன்னு உங்க ஊர் நர்சைக் கேட்டா சொல்வாங்க.

தலைவலி, கண்ணு மங்கறது, மேல்வயித்து வலி, முகமும் கையும் வீங்கறது, ரத்தப்போக்கு, தண்ணி கசியறது, அசைவு குறையறது. இதுல எது வந்தாலும் விடியட்டும்னு உக்காந்திருக்காம 108ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. இவ்வளவு பேர் பேசறீங்களே, அவகிட்ட யாராவது கேட்டீங்களா, இந்தக் குழந்தையை அவ பெத்துக்க நினைக்கறாளான்னு? 18க்குக் கீழ இருக்கற பொண்ணுங்களுக்கு 24 வாரம் வரைக்கும் கர்ப்பத்தைக் கலைச்சுக்க சட்டம் இடம் கொடுக்குது. 20 வாரம் தாண்டினா ரெண்டு டாக்டர் பாத்துச் சொல்லணும். எத்தனை வாரமா இருந்தாலும் காப்பாளர் எழுத்துல சம்மதம் தரணும். பெத்துக்கணும்னாலும் வேண்டாம்னாலும் அது அவ வாயால வரணும். தனியா உக்கார வெச்சுக் கேளுங்க. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கித் தர மட்டும் யாரையும் விட்டுடாதீங்க. நாலரை மாசத்துல அது உயிரோட விளையாடற வேலை.

உதவிமையத் தோழி எழுதியது:

நான் குழந்தைகள் பாதுகாப்புல வேலை பாக்கறவ. சட்டம் பத்தி மட்டும் சொல்றேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

18 வயசுக்குக் கீழ இருக்கற பொண்ணு கர்ப்பமா வந்தா, போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்லருந்து காக்கற சட்டப்படி, டாக்டர், நர்ஸ் யாரா இருந்தாலும் தகவல் கொடுத்தே ஆகணும். கொடுக்கலைன்னா அவங்க மேலயே குற்றம். தாலி கட்டியிருக்குன்னு சொன்னாலும் மாறாது. 18 வயசு ஆகாத மனைவின்னாலும் அது குற்றம்தான்னு 2017ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. கல்யாணத்தை நடத்தி வெச்சவங்களுக்கும் 2006ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல தண்டனை இருக்கு. அதனால உங்க தம்பி மேல வழக்கு வரலாம். வராதுன்னு நான் எப்படிச் சொல்றது?

ஆனா ஒம்பதாம் மாசம் போனாலும் இதே சட்டம்தான், ஓசூர் போனாலும் இதேதான். அங்க இருக்கற டாக்டருக்கும் கடமை இருக்கு. நாலு மாசம் மறைச்சா வழக்கு மறையாது, அவ உடம்பு மட்டும் அந்த நாலு மாசத்தை இழந்துடும்.

போலீஸ்ல எழுதிட்டு வந்தாதான் வைத்தியம் பாப்போம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. அவ பேர், ஊர், போட்டோ எதையும் வெளிய விடக் கூடாது. 1098ங்கறது குழந்தைகள் உதவி எண். இலவசம், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசினீங்கன்னா, திடீர்னு போலீஸ் வந்து வாசல்ல நிக்கற நிலைமைக்குப் போகாம, அவளுக்கு ஒரு துணையோட விஷயம் நடக்க வழி உண்டு. அவளுக்கு இலவச வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பாக்காம உதவி உண்டு. இன்னொண்ணு, அவ விரும்பினா 20 வயசு ஆகற வரைக்கும் இந்தக் கல்யாணத்தையே செல்லாதுன்னு அறிவிக்கக் கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். இது அவளுக்குத் தெரியணும்.

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

நான் 17ல பெத்தவ. இப்ப என் பையன் பத்தாவது படிக்கறான்.

ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்ல பொறந்தான். மாசம் ஆகலை. அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். பால் உறிஞ்சத் தெம்பில்லை, பீச்சி பாலாடைல விடுவேன். ஒரு நர்ஸக்கா அவனை டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, என் நெஞ்சோட வெச்சு, மேல புடவையைச் சுத்திக் கட்டி விட்டாங்க. கங்காரு மாதிரின்னு சொன்னாங்க. பதினெட்டு நாள் அப்படியே உக்காந்தும் சாஞ்சும் இருந்தேன். ரெண்டு கிலோ தாண்டின அன்னிக்கு அந்த அக்கா எனக்கு ஒரு மைசூர்பாகு வாங்கிக் குடுத்தாங்க.

எல்லாரும் குழந்தையைப் பத்தியே கேப்பாங்க. எனக்கு ராத்திரியானா காரணமில்லாம அழுகை வரும். கிணத்துப் பக்கம் போகவே பயம், என்னை நம்பியே பயம். அது ஒரு நோய்னு யாரும் சொல்லலை, “பேய் பிடிச்சிருக்கு”ன்னு மந்திரிச்சாங்க. இப்ப மனநல உதவிக்கு 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலிமானஸ். உங்க பொண்ணு போன்ல அந்த நம்பரைப் பதிஞ்சு வைங்க.

பிரசவம் ஆன கையோட அடுத்ததைத் தள்ளிப்போட ஏற்பாடு பண்ணிடுங்க. எனக்கு யாரும் சொல்லாம, பையனுக்கு எட்டு மாசம் ஆனப்ப ரெண்டாவது தங்குச்சு. அது அஞ்சாம் மாசத்துல போச்சு. என்னையும் கிட்டத்தட்ட கூட்டிட்டுப் போச்சு. காப்பர்-டி ஆஸ்பத்திரிலயே போட்டு அனுப்புவாங்க. அது பிடிக்கலைன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற அந்தரா ஊசி இருக்கு, அதை எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டரைக் கேளுங்க.

நான் 26 வயசுல ப்ளஸ் டூ தனித்தேர்வா எழுதினேன். அவகிட்ட சொல்லுங்க.

திருப்பூர்க்காரி எழுதியது (12 நாள் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றிங்க. போன் நம்பர் தெரிஞ்சிருந்தா நர்சம்மாவைக் கூப்பிட்டு அழுதிருப்பேன்.

அன்னிக்கே சம்பளம் முன்பணம் கேட்டு வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டேன். அம்மாகிட்ட நர்சம்மா சொன்ன மாதிரியே கேட்டேன். அம்மா மொச்சைக்கொட்டை உரிச்சுட்டு இருந்தாங்க. “எத்தனைம்மா தங்குச்சு?” ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் உரிச்ச தொலியைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. பதினாறுல பெத்தது எங்க அக்கா இல்லையாம். அக்காவுக்கு முன்னாடி ரெண்டு. மொதல்ல ஒரு பொண்ணு, மூணு நாள். அடுத்தது வயித்துலயே. எனக்கு 38 வயசு, இதுவரைக்கும் எங்க வீட்டுல யாரும் இதைச் சொன்னதே இல்லை. “அப்ப யாரு கணக்கு வெச்சா”ன்னாங்க. மறுநாள் காலைல பஸ்ஸுக்கு எனக்கு முன்னாடி கிளம்பி நின்னது எங்க அம்மாதான்.

போறதுக்கு முன்னாடி அவளைத் தனியா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன்னா. ஆஸ்பத்திரில டாக்டரம்மாவும் எங்களை வெளிய அனுப்பிட்டு அவகிட்ட தனியாப் பேசினாங்க. பெத்துக்கறேன்னு அவளாவே சொல்லியிருக்கா. படிக்கணும்னும் சொல்லியிருக்கா.

ரத்தம் 7.4. எடை 39 கிலோ. பி.பி. 110/70, சிறுநீர்ல ஒண்ணும் இல்லை. ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்காம். இரும்புச்சத்து ஊசி ஒண்ணு போட்டாச்சு. அட்டைல வயசு 17ன்னே எழுதினாங்க. மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க.

1098க்கு நானே முன்னாடி நாள் பேசிட்டேன். ஒரு மேடம் வந்தாங்க, அவகூட ஒரு மணி நேரம் உக்காந்து பேசினாங்க. தகவல் போயிருக்கு. தம்பிக்கு வக்கீல் பாக்கறோம். அவன் என்கிட்ட பேசறதில்லை. அக்கா, “குடும்பத்தைக் காட்டிக் குடுத்துட்ட”ன்னு சொல்லிட்டா. அது வலிக்குதுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பொண்ணு இப்ப எங்க அம்மாகூட இருக்கா. ராத்திரி ஒம்பது மணிக்கு எலுமிச்சைத் தண்ணி கரைச்சு மாத்திரையோட கையில குடுக்கறது அம்மாதான். முழுங்கற வரைக்கும் நகர மாட்டேங்கறாங்களாம்.

பச்சரிசி டப்பாவைத் தேடறது குறைஞ்சிருக்குன்னு நேத்து போன்ல சொன்னா. வர்ற செவ்வாய்க்கிழமை ரெண்டாவது ஊசி. லீவு சொல்லிட்டேன், நானும் போறேன்.